அடுத்த தெருவுக்கு மோட்டார், நமக்குப் புரிதல்

மழை பெய்தால் மெத்தைக்காரர் வீட்டுக்குள் தண்ணீர் வரும். இதில் ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கிறது என்றுதான் அவர் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார். தெரு பள்ளம். தெருக்கோடியில் கால்வாய். கால்வாய் நிரம்பினால் முதலில் நுழைகிற வீடு அவருடையது. முன்னறையில் உட்கார்ந்து ஊரார் சோபாக்களுக்கெல்லாம் மெத்தை தைப்பார். சுற்றிலும் ஸ்பாஞ்சு அடுக்கியிருக்கும். ஸ்பாஞ்சுக்குத் தண்ணீர் மேல் எவ்வளவு ஆசை என்று அவரைக் கேட்டால் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு சொல்வார். மழை வந்தால் ஸ்பாஞ்சைப் பரணில் ஏற்றுவது, மனைவியோடு கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டுக்கொள்வது, கால்வாயையும் அதைத் தூர் வாராதவர்களையும் ஆசை தீரத் திட்டுவது, வடிந்ததும் தரையைக் கழுவிவிடுவது. அவ்வளவுதான் விஷயம்.

இந்த வருஷம் அந்தப் பருப்பு வேகாது. மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. காலை மடக்கக் கூடாது, தரையில் ஊன்றக் கூடாது, முக்கியமாகத் தையலில் அழுக்குத் தண்ணீர் படவே கூடாது. "பட்டுச்சுன்னா மறுபடி பிரிச்சுத்தான் பார்க்கணும்" என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். மெத்தைக்காரருக்கு அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. பிரித்துத் தைப்பது என்ன என்று அவருக்குத் தெரியும். அவர் பிரிப்பது சோபாவை.

அதனால் வாசற்படியை உயர்த்திவிடுவது என்று முடிவு பண்ணி, செங்கல்லும் ஒரு மூட்டை சிமெண்டும் வாங்கி வாசலில் இறக்கினார். கரண்டியைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் ஒரு வேன் வந்து நின்றது. ஒலிபெருக்கி, நாற்காலிகள், துணிப் பந்தல் எல்லாம் இறங்கின. கடைசியாக ஓர் இயக்குநர் இறங்கினார்.

வந்தது நெருக்கடிகள் மற்றும் பாதிப்புறுதன்மை குறித்த பொதுமக்கள் புரிதல் மேம்பாட்டுப் பேரிடர் ஆய்வு மையம். அவர்கள் கட்டடத்தில் இந்தப் பெயர்ப் பலகை முன்சுவரில் தொடங்கிப் பக்கச் சுவரில் முடியும். முழுசாகப் படிக்க விரும்புகிறவர் கட்டட மூலையைச் சுற்றிப் போகவேண்டும். தெருக்காரர்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லாததால் 'புரிதல் மையம்' என்று வெட்டிவிட்டார்கள்.

எல்லாரையும் பந்தலுக்குக் கீழே உட்கார வைத்தார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"அன்பார்ந்த பாதிப்புறுநர்களே!"

அது தங்களைத்தான் என்று புரிய ஜனங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளம் என்று ஒன்று கிடையாது. இருப்பது நீர். நீர் நல்லது. அந்த நீர் வரும் இடத்தில் ஒரு மனிதர் இருக்கும்போதுதான் அது பேரிடர் ஆகிறது. நீங்கள் இங்கே இல்லையென்றால் பேரிடரே இல்லை. பேரிடர் இல்லையென்றால் எங்கள் துறையே இல்லை. அந்த வகையில் உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி."

மெத்தைக்காரர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். "சார், அப்போ போன மழைக்கு எங்க வீட்டுக்குள்ள வந்தது என்னது?"

"அது உங்கள் பாதிப்புறுதன்மை."

வீட்டுக்குள் கட்டிலில் படுத்திருந்த மனைவிக்கு ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "நல்லா சேறும் சகதியுமா இருந்துச்சுங்க அது!" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

இயக்குநர் அதையும் குறித்துக்கொள்ளச் சொன்னார். பக்கத்தில் நின்ற இளம் பெண் ஒருத்தி குறித்துக்கொண்டாள். கையில் எந்நேரமும் அளவு டேப் வைத்திருந்ததால், அன்று மத்தியானத்துக்குள் அவளுக்கு 'டேப்பம்மா' என்று பெயர் விழுந்துவிட்டது.

பிறகு இயக்குநர் திட்டத்தை விளக்கினார். இதே கால்வாயை ஒட்டி அடுத்த தெருவும் இருக்கிறது. அதுவும் பள்ளம்தான். இரண்டு தெருவையும் வைத்து மையம் ஓர் ஆய்வு செய்யப் போகிறது. அடுத்த தெருவில் சாக்கடையைத் தூர் வாரி, வாசற்படிகளை உயர்த்தி, தண்ணீரை இறைத்துக் கொட்ட ஒரு பெரிய மோட்டாரும் வைப்பார்கள்.

"உங்கள் தெருவுக்கு அதைவிட மேலான ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறோம்" என்று சொல்லி, ஒரு விநாடி நிறுத்தி, எல்லார் முகத்தையும் பார்த்தார். "புரிதல்!"

கைத்தட்டலுக்காகக் காத்திருந்தார். எங்கோ ஒரு குக்கர் விசில் அடித்தது.

"சார்," என்று எதிர்வீட்டு நர்ஸம்மா எழுந்தாள், "எங்களுக்கு மோட்டாரைக் கொடுத்துட்டு, அந்தப் புரிதலை அவங்களுக்குக் கொடுத்துடுங்களேன். நாங்க ஒண்ணும் தப்பா நினைச்சுக்க மாட்டோம்."

"அது முடியாது அம்மா. எந்தத் தெருவுக்கு எது என்பதை நாங்கள் இஷ்டத்துக்கு முடிவு செய்வதில்லை. அறிவியல்பூர்வமாகக் காசு சுண்டிப் போட்டுப் பார்த்தாகிவிட்டது. சரி, புரிதல் வேண்டாம் என்பவர்கள் யாராவது இருந்தால் தாராளமாகக் கை தூக்கலாம்."

நாலு பேர் நடுவில் எழுந்து நின்று எனக்குப் புரிதல் வேண்டாம் என்று எவன் சொல்வான்? மானம் போய்விடாதா? ஒருவரும் கை தூக்கவில்லை. ஏகமனதாக ஒப்புக்கொண்டதாக டேப்பம்மா எழுதிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் மெத்தைக்காரர் போய்ச் சிமெண்டைக் குழைக்க ஆரம்பித்தார். டேப்பம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"ஐயையோ, என்ன சார் பண்றீங்க?"

"படியை ஒசத்தறேம்மா."

"கூடாது சார். நீங்க ஒப்பீட்டுத் தெரு. அங்கே செய்யறதை இங்கே செய்யவே கூடாது. செஞ்சீங்கன்னா எது மோட்டாரால நடந்துச்சு, எது புரிதலால நடந்துச்சுன்னு தெரியாமப் போயிடும்."

"தெரியாமப் போனா என்னம்மா ஆகும்?"

இந்தக் கேள்வியை அவளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. யோசித்தாள். "கட்டுரை வராது சார்" என்றாள், முகம் சுண்டிப்போய். பாவம், சின்னப் பெண், அழுதுவிடுவாள் போலிருந்தது. மெத்தைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "வீட்டுக்காரிக்குக் கால் ஆபரேஷன்மா. தண்ணி பட்டா பிரிச்சுடுவாங்க" என்று தன் கதையைச் சொன்னார். கேட்டு அவளுக்கும் மனசு கேட்கவில்லை. நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்டுப் பார்க்கலாம் என்றாள்.

மையத்தின் கட்டடம் மேட்டில் இருந்தது. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய தெருவையே பொம்மையாகச் செய்து வைத்திருந்தார்கள். கால்வாய்க்கு நீல வெல்வெட்டு. தன் வீட்டைக் கண்டுபிடித்துக் குனிந்து பார்த்தார். படி நல்ல உயரத்தில் இருந்தது.

"இங்கே மட்டும் படி ஒசரமா இருக்கே?" என்றார்.

"அட்டையில செஞ்சதுங்க. தொடைக்கறப்போ ஈரம் ஏறிடக் கூடாதுன்னு ஒசத்தி வெச்சிருக்கோம்" என்றார் அங்கே தூசி தட்டிக்கொண்டிருந்தவர்.

நெறிமுறைக் குழுவில் இயக்குநர்தான் தலைவர். அவருக்கு வலப்பக்கம் மக்களின் குரலைப் பிரதிநிதித்துவப்படுத்தும் ஓர் அம்மாள். இடப்பக்கம் ஒரு மூத்த அறிஞர், அவர் தூக்கத்தைப் பிரதிநிதித்துவப்படுத்தினார். மெத்தைக்காரர் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல இயக்குநர் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று.

"அற்புதம்! தண்ணீர் வரும் வழியில் செங்கல்லை வைத்தால் தண்ணீர் வராது என்ற இந்த எண்ணம் உங்களுக்கு எப்படித் தோன்றியது?"

"எப்படின்னா... தண்ணி வருது, செங்கல் இருக்கு..."

"பார்த்தீர்களா! இதைத்தான் மண்ணின் அறிவு என்கிறோம். இதை நாம் மதிக்க வேண்டும், போற்ற வேண்டும், படம் பிடிக்க வேண்டும். செயல்படுத்தத்தான் முடியாது."

மக்களின் குரல் அம்மாள் குறுக்கிட்டார். "அப்படி ஒரேயடியாக மறுக்கக் கூடாது. செங்கல் வைப்பது அவருடைய உரிமை. அந்த உரிமையில் கை வைக்க நாம் யார்? அதே சமயம் ஆய்வும் கெடக் கூடாது. ஆகவே அவர் செங்கல் வைக்கட்டும். அந்தச் செங்கல் தண்ணீரைத் தடுக்கக் கூடாது. அவ்வளவுதானே?"

மூத்த அறிஞர் கண்ணைத் திறக்காமலே "ஆமோதிக்கிறேன்" என்றார்.

ஒவ்வொரு செங்கல்லுக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற அளவு இடைவெளி விடவேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. மெத்தைக்காரருக்குத் தலை சுற்றியது. "அப்புறம் எதுக்கு சார் செங்கல்?"

"உங்கள் கண்ணியத்துக்காக" என்றார் இயக்குநர்.

வீட்டுக்கு வந்து, அப்படியே கட்டி முடித்துவிட்டுச் சொன்னதும் மனைவி சிரித்த சிரிப்பில் தையல் இழுத்துக்கொண்டது. "பல்லு விழுந்த கிழவன் கணக்கா ஒரு படி கட்டிட்டு வந்து நிக்கறீங்களே! உங்களை என்ன சொல்லித் திட்டறதுன்னே தெரியலை." சிரித்து முடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்குள் இருந்த பயம் அவருக்குத் தெரியும். அவருக்கும் அதே பயம்தான்.

அதற்கப்புறம் தெருவுக்குள் புரிதல் வெள்ளமாகப் பாய்ந்தது. அடுத்த தெருவில் சாக்கடையிலிருந்து வண்டி வண்டியாகச் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தபோது, இந்தத் தெருவில் சுவரெல்லாம் படம் ஒட்டினார்கள். ஒரு படத்தில் மேகம், ஒரு படத்தில் மழை, ஒரு படத்தில் கவலையான குடும்பம். வீட்டுக்கு வீடு முக அட்டைகள் கொடுத்தார்கள். தினமும் காலையில் அவரவர் மனநிலைக்கு ஏற்ற முகத்தைக் கதவில் மாட்ட வேண்டும். சிரித்த முகம் மட்டும் நிறைய இருந்தது. கோபமான முகம் அச்சில் இருப்பதாகச் சொன்னார்கள். நர்ஸம்மா காத்திருக்கப் பொறுமையில்லாமல், சிரித்த முகத்தைத் தலைகீழாக மாட்டி வைத்தாள்.

ஒருநாள் 'நீரை உணர்வோம்' என்று ஒரு பயிற்சி. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பேசினில் காலை வைத்து என்ன உணர்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். ஜனங்கள் "ஈரமா இருக்கு" என்றார்கள். ஆழமாக உணர்ந்து சொல்லுங்கள் என்றதும் "ரொம்ப ஈரமா இருக்கு" என்றார்கள்.

அடுத்த தெருவில் குடியிருந்த மச்சான், அதாவது மனைவியின் தம்பி, தினமும் அக்காவைப் பார்க்க வருவான். அவன் வாசலில் புதுப்படி, தெருமுனையில் புது மோட்டார். "என்ன மாமா, இன்னிக்கு என்ன புரிஞ்சுது?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவான்.

"போடா. உனக்கென்ன, காசு சுண்டினதுல பூ விழுந்தது."

"கோவிச்சுக்காதீங்க மாமா. மழை வந்தா அக்காவைத் தூக்கிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்துடுங்க."

"ஒப்பீட்டுத் தெருடா நாங்க. அங்கெல்லாம் வரலாமா என்னவோ" என்றார் மெத்தைக்காரர். மனுஷன் அந்த அளவுக்குப் பயந்துபோயிருந்தார்.

கடைசியாக வெள்ள ஒத்திகைக்கு நாள் குறித்தார்கள். தண்ணீர் வந்தால் யார் எங்கே நிற்பது, என்ன செய்வது என்று அன்றைக்குத்தான் சொல்லித் தருவார்களாம். அன்று காலை வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி அறிவித்தது: "மழை காரணமாக வெள்ள ஒத்திகை ஒத்திவைக்கப்படுகிறது."

வேன் மேட்டுக்குப் போய்விட்டது. மழை போகவில்லை. கொட்டு கொட்டென்று கொட்டியது. மத்தியானத்துக்குள் கால்வாய் நிரம்பித் தெருவுக்குள் ஏறியது. மெத்தைக்காரர் வீட்டு வாசலுக்கு வந்த தண்ணீர் கண்ணியத்தைக் கண்டது. செங்கல்லுக்குச் செங்கல் விட்டிருந்த இடைவெளியில் சிரமமில்லாமல் உள்ளே நுழைந்தது.

ஸ்பாஞ்சைப் பரணில் ஏற்றவில்லை அவர். அதைப் பற்றிய நினைப்பே இல்லை. கட்டில் காலைத் தண்ணீர் தொட்டு ஏறுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி முழங்காலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். மையம் கொடுத்திருந்த அவசர எண் ஞாபகம் வந்து போனை எடுத்து அழுத்தினார். இனிமையான பெண் குரல் பேசியது.

"வணக்கம். நீங்கள் இப்போது உணர்வது பயம் என்றால் எண் ஒன்றை அழுத்தவும். பதற்றம் என்றால் எண் இரண்டை அழுத்தவும். இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்றால் காத்திருக்கவும்."

அவர் காத்திருந்தார். அழகாக ஒரு வீணை ஒலித்தது.

"என்னங்க," என்றாள் மனைவி, "அந்தச் சனியனைத் தூக்கிப் போட்டுட்டு என் தம்பியைக் கூப்பிடறீங்களா இல்லையா?"

அப்போதுதான் அவருக்கு உயிர் வந்தது. கதவு ஒன்றைக் கீலோடு கழற்றினார். ஒரு முழு ஸ்பாஞ்சை ரெக்ஸினில் சுருட்டி அதன்மேல் போட்டார். மச்சான் இரண்டு ஆட்களோடு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். அவளைத் தூக்கிக் கதவின் மேல் படுக்க வைத்து, மழை படாமல் காலை இன்னொரு ரெக்ஸினால் சுற்றி, ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துத் தோளில் ஏற்றி வெளியே வந்தார்கள்.

தெருமுனையில் டேப்பம்மா மழைக்கோட்டோடு நின்றாள். தண்ணீரின் உயரத்தை அளக்க அவளை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"சார், போகாதீங்க சார்! நீங்க அந்தத் தெருவுக்குப் போனா கணக்குல ஆள் குறையும்! ஆய்வே போச்சு!"

அந்த நேரம் பார்த்து முன்னால் பிடித்தவன் சேற்றில் வழுக்கினான். கதவு சரிந்தது. மனைவி "ஐயோ!" என்று அலறினாள். யாரோ ஓடிவந்து அந்த மூலைக்குத் தோள் கொடுத்தார்கள். பார்த்தால் டேப்பம்மா. டேப் தண்ணீரில் விழுந்து சுருள் பிரிந்து போய்க்கொண்டிருந்தது.

"விடு தாயி, போனாப் போகுது" என்றாள் மனைவி மேலேயிருந்து. "நல்லாப் பிடிச்சுக்கோ."

அடுத்த தெருவில் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. வீடுகளுக்குள் தரை காய்ந்து கிடந்தது. இவர்கள் போவதைப் பார்த்ததும் நர்ஸம்மா கிளம்பினாள். அவள் கிளம்பியதும் தெருவே கிளம்பியது. வீட்டுக்கு மூன்று குடும்பமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பாய் போதவில்லை, தட்டு போதவில்லை, குளியலறை வாசலில் பெரிய சண்டை. மச்சான் வீட்டில் கட்டுப் பிரித்துப் பார்த்தார்கள். தையலில் ஒரு சொட்டு ஈரமில்லை. மெத்தைக்காரர் மூலையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது முடித்துச் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்து மச்சான் பெண்டாட்டி மறுபடி உலை வைத்தாள்.

காயம் ஆறி, மனைவி ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியபோது, ஆய்வு முடிவை வெளியிட மையம் விழா எடுத்தது. இரண்டு தெருக்காரர்களையும் வேன் வைத்து அழைத்துப் போனார்கள். இயக்குநருக்கு உடம்பெல்லாம் பூரிப்பு.

"புரிதல் தெருவில் வெள்ளம் உச்சத்தில் இருந்தபோது நிலைமை என்ன? அங்கே பாதிக்கப்பட்டவர் ஒருவர்கூட இல்லை! வீடு வீடாகப் பார்த்தோம், ஒரு கவலையான முகம் இல்லை! மோட்டார் தெருவிலோ தாங்க முடியாத நெரிசல், பாய்ப் பற்றாக்குறை, குளியலறைத் தகராறு! ஆகவே மோட்டார் மக்களின் பதற்றத்தை அதிகரிக்கிறது என்பதும், புரிதல் அதை முற்றிலும் நீக்குகிறது என்பதும் நிரூபணமாகிறது."

பின்வரிசையிலிருந்து டேப்பம்மா எழுந்தாள். "சார், அந்தத் தெருவில யாருமே இல்லை சார். எல்லாரும் மோட்டார் தெருவுக்குப் போயிட்டாங்க. நானே பார்த்தேன். நானும் போனேன்."

"எவ்வளவு ஆழமான புரிதல் இருந்தால் அப்படிப் போயிருப்பார்கள்!" என்றார் இயக்குநர். "மகிழ்ச்சியான செய்தி ஒன்று. தீங்கு விளைவிக்கும் அந்த மோட்டாரை நாளையே அகற்றி, நம் காட்சிக் கூடத்தில் வைக்கப் போகிறோம். இனி இரண்டு தெருவுக்கும் புரிதல்!"

மனைவி ஊன்றுகோலை ஊன்றி எழுந்தாள். மெத்தைக்காரர் தடுக்கவில்லை.

"சார், அடுத்த மழைக்கு நாங்க எங்கே போறது?"

"அருமையான கேள்வி அம்மா. அதுதான் எங்கள் அடுத்த ஆய்வின் தலைப்பு."

"உங்க வீடு எங்கே இருக்கு?"

"இங்கேதான், மேட்டில்."

"அங்கே தண்ணி வருமா?"

"வராது. அதனால் அங்கே புரிதலுக்குத் தேவை எழவில்லை."

"அப்போ எங்க தெருவையும் புரிதல் தேவைப்படாத தெருவா ஆக்கிக் கொடுத்துடுங்க சார். நாங்க ஒண்ணும் புரியாமலே இருந்துட்டுப் போறோம்."

இரண்டு தெருவும் கைதட்டியது. எல்லாரையும்விட அதிகமாகக் கைதட்டியவர் இயக்குநர். "என்ன ஒரு வாசகம்! இதை அறிக்கையின் அட்டையில் போடுங்கள்" என்றார். மெத்தைக்காரருக்கு அப்போதுதான் முதல்முறையாகக் கோபம் வந்தது. மச்சானைப் பார்த்தார். மச்சான் நர்ஸம்மாவைப் பார்த்தான்.

மறுநாள் காலையில் மோட்டாரைக் கழற்ற மையத்தின் வேன் வந்தது. டிரைவருக்கு வண்டியைத் திருப்ப இடமில்லை. இரண்டு தெரு ஆட்களும் வீட்டிலிருந்த நாற்காலி, முக்காலி எல்லாவற்றையும் கொண்டுவந்து மோட்டாரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மெத்தைக்காரர் புதிதாகத் தைத்த சோபா ஒன்றை நடுவில் போட்டு மனைவியைக் கால் நீட்டி உட்கார வைத்திருந்தார். அவளுக்குப் பக்கத்தில் டேப்பம்மா கடலை தின்றுகொண்டிருந்தாள்.

டிரைவர் இறங்கி வந்து தலையைச் சொறிந்தார். "என்னங்க இது, எல்லாரும் இங்கே உக்காந்து என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லப்பா," என்றார் மெத்தைக்காரர், "மோட்டாரைப் புரிஞ்சுக்கிட்டு இருக்கோம். முழுசாப் புரிஞ்சதும் சொல்லி அனுப்பறோம், நீ கிளம்பு."